எருவின் வயதும் ஊரும்

தக்காளிக்கும் கத்தரிக்கும் ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. சென்னையை அடுத்த குரோம்பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி போடுகிறவருக்கு இந்தக் கணக்கு மலைப்பாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் கைக்குள் அடங்கிவிடும். சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ, நூறு சதுர அடிக்கு 23 கிலோ. ராதா நகரிலும் நியூ காலனியிலும் அஸ்தினாபுரத்திலும் காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே மிஞ்சுகிற துண்டு நிலம் பல வீடுகளில் இந்த அளவுதான். ஆக, ஒரு பட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு சாக்கு எரு.

அந்த ஒரு சாக்கில் எவ்வளவு சத்து இருக்கிறது? நன்றாக மட்கிய மாட்டு எருவில் தழைச்சத்து அரை சதவீதம், சாம்பல்சத்தும் அரை சதவீதம், மணிச்சத்து 0.2 சதவீதம். 23 கிலோவில் இருக்கும் தழைச்சத்து 115 கிராம். இதே 115 கிராம் கால் கிலோ யூரியாவில் இருக்கிறது. சாக்கில் உள்ளதோ முழுவதும் இந்தப் பட்டத்துக்கே கிடைப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு வந்தால் நல்ல வரவு. மீதி மண்ணில் தங்கி மெல்ல மெல்லக் கரையும். சத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் எருவை விட்டுவிட்டு யூரியாவுக்குப் போவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். மாடித்தோட்டக்காரர்கள் பலர் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

எருவின் வேலை வேறு. அது மண்ணுக்குக் கரிமத்தைக் கொடுக்கிறது. கரிமம் இருக்கும் மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும், இறுகாது, வேருக்குக் காற்று விடும், நுண்ணுயிர்களுக்குச் சோறு போடும். குரோம்பேட்டை மண்ணுக்கு இது மிகவும் வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறை சார்னோகைட். அது உதிர்ந்து உண்டான சரளைச் செம்மண்ணில் தண்ணீர் ஊற்றினால் நிற்காது, ஓடிவிடும். அதன் மேல் வீடு கட்டும்போது கொட்டிய செங்கல் சல்லியும் சுண்ணாம்புக் காரையும் சிமென்ட் பொருக்கும் சேர்ந்திருக்கும். மண்வெட்டியால் ஒரு அடி தோண்டினால் முதலில் மண் வருவதில்லை, டைல்ஸ் துண்டுதான் வரும். இந்த நிலத்தில் யூரியா போட்டால் செடி பத்து நாள் கரும்பச்சையாகத் தழைத்துவிட்டு மறுபடி சோர்ந்துவிடும். நம் வெயிலில் மண்ணில் சேர்த்த கரிமமும் வேகமாகச் செரித்துப்போகிறது. குளிர்நாட்டில் பல ஆண்டு நிற்கும் எரு இங்கே ஒரு கோடையைத் தாண்டுவதே கடினம். பட்டத்துக்குப் பட்டம் எரு இடவேண்டியிருப்பது அதனால்தான்.

எரு நிலத்துக்கு வந்து சேராமல் போவது பழைய கவலை. 1893-ல் பிரிட்டிஷ் அரசுக்கு இந்திய வேளாண்மை பற்றி அறிக்கை கொடுத்த ஜான் அகஸ்டஸ் வோல்கர், இங்குள்ள உழவருக்கு எருவின் அருமை தெரியாமல் இல்லை என்று கண்டார். விறகு கிடைக்காததால்தான் சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது; எரு மிச்சமாக வேண்டுமானால் விறகுக்கு மரம் வளர்க்க வேண்டும் என்று எழுதினார். இன்று தாம்பரம் வட்டாரத்தில் அடுப்புக்கெல்லாம் கேஸ் வந்துவிட்டது. ஆனால் தெருவோரக் கொட்டகைகளில் பால்மாடு வைத்திருப்பவர்கள் சாணத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கடையில் தள்ளுவதைப் பார்க்கிறேன். சேர்த்துவைக்க அவர்களுக்கு இடமில்லை, எடுத்துப்போக ஆளும் வருவதில்லை. பத்து வீடு தள்ளி ஒருவர் நர்சரியில் காசு கொடுத்து எரு வாங்கிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்தாலே இந்த ஊரின் எருப் பஞ்சத்தில் பாதி தீரும்.

நர்சரிகளிலும் சாலையோரத்திலும் விற்கும் எருவில் மாட்டு எரு, ஆட்டுப் புழுக்கை, கோழி எரு என்று மூன்று வகை உண்டு. மண்புழு உரம் நாலாவது, அதைப் பிறகு பார்க்கலாம். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று உழவர்கள் சொல்வதை எண்களும் உறுதிசெய்கின்றன. ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து 3 சதவீதம் வரை, சாம்பல்சத்து 2 சதவீதம். மாட்டு எருவின் 23 கிலோ தரும் தழைச்சத்தை நாலு கிலோ புழுக்கையே தந்துவிடும், அதையும் அந்தப் பட்டத்திலேயே பெரும்பகுதி தந்துவிடும். மாடு தின்ற வைக்கோலின் நார் எருவிலும் நாராகவே இருப்பதால் மட்க நாளாகிறது. வயலில் கிடை போட்டவர்கள் ஆட்டை ஒரே இடத்தில் நிறுத்தாமல் இரவுக்கு இரவு பட்டியை நகர்த்தியதற்கும் இந்த வீரியமே காரணம். தொட்டிச் செடிக்குப் புழுக்கை போடும்போது அதை உடைத்துத் தூளாக்கிப் போடுங்கள். உருண்டையாகப் போட்டால் மேலே காய்ந்து கல்லாகிவிடும், மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆடு சீமைக் கருவேலங்காயை விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் வெளியே வரும். புழுக்கை போட்ட பையில் வெண்டைக்குப் பக்கத்தில் மெல்லிய இரட்டை இலையோடு ஒன்று முளைத்து வந்தால், முள் வைப்பதற்கு முன்பே பிடுங்கிவிடுவது நல்லது. புழுக்கையைக் குவித்துத் தண்ணீர் தெளித்துச் சூடேற விட்டிருந்தால் அந்த விதையில் பெரும்பாலானவை செத்திருக்கும்.

கோழி எரு மூன்றிலும் உக்கிரமானது. தழைச்சத்து 3 சதவீதம், மணிச்சத்து இரண்டரைக்கும் மேல். நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக வயலுக்குப் போகிற சரக்கு. வயலுக்கு அது பொருந்தும். பைக்கும் தொட்டிக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மட்காத கோழி எருவிலிருந்து கிளம்பும் அம்மோனியா இளம் வேரைச் சுட்டுவிடும். உப்பும் அதில் அதிகம். நம் போர்வெல் தண்ணீரே உப்புச் சுமையோடு வருகிறது. வடிய வழியில்லாத பையில் இரண்டும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். பண்ணைக் கோழிக்குக் கொடுக்கும் மருந்துகள் எச்சத்தில் கலப்பதும் ஒரு கேள்வி. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. அதுவரை அது தீவனத்தில் தாராளமாகப் புழங்கியது.

நாய், பூனைக் கழிவு எருவாகாது. அவற்றின் குடற்புழு முட்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்கும், குழந்தைகள் கையளையும் மண்ணில் அது வேண்டாம்.

இனி வயதுக்கு வருவோம். வீட்டுத் தோட்டம் பற்றிய பேச்சில் குறைவாகப் பேசப்படுவது இதுதான், என் கணிப்பில் முதலில் பேச வேண்டியதும் இதுதான். பச்சைச் சாணத்தில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்காவின் இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகள் இதற்குத் தெளிவான நாள் கணக்கு வைத்திருக்கின்றன. மண்ணைத் தொடும் காய், கீரைகளுக்கு, பச்சை எரு இட்ட நாளிலிருந்து அறுவடை வரை 120 நாள் இடைவெளி வேண்டும். மண்ணைத் தொடாதவற்றுக்கு 90 நாள். இந்த விதியை நம் பாத்திக்குக் கொண்டுவந்து பாருங்கள். அரைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த ஒரு மாதத்துக்குள் அறுப்புக்கு வந்துவிடும். முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாள். கொத்தமல்லியும் அப்படித்தான். இவற்றில் எதுவும் 120 நாள் நிலத்தில் நிற்காது. அப்படியானால் பச்சைச் சாணத்தைப் பாத்தியில் போட்டுக் கொத்திவிட்டுக் கீரை விதைப்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. காத்திருப்பதெல்லாம் விதைப்புக்கு முன்பே, குவியலிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். சாணிப்பாலைக் கரைத்துக் கீரை மேல் தெளிக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். விதை நேர்த்திக்கு அது இருக்கட்டும்.

நாம் கீரையைக் கடைந்தும் பொரித்தும் தின்கிறோம், அடுப்புச் சூட்டில் கிருமி சாகிறது. ஆனால் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கேரட், முள்ளங்கி ஆகியவை பச்சையாகவே தட்டுக்கு வருகின்றன. வீட்டில் இடம் இரண்டு பகுதியாக இருந்தால், வயதில் சந்தேகமுள்ள எருவைத் தென்னைக்கும் வாழைக்கும் முருங்கைக்கும் கொடுத்துவிட்டு, நன்றாக மட்கியதை மட்டும் இந்தச் செடிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குவியல் சூடேறினால் கிருமியும் களை விதையும் சாகும். 55 டிகிரிக்கு மேல் பல நாள் இருக்க வேண்டும், குவியலைப் புரட்டிப் புரட்டி வெளிப்பக்கத்தையும் உள்ளே தள்ள வேண்டும். இதற்குக் குவியல் குறைந்தது ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும். பால்கனியில் வைக்கும் மண் அடுக்குப் பானையிலோ பிளாஸ்டிக் டிரம்மிலோ அந்தச் சூடு வந்து நிற்காது. வீட்டு உரத்தில் சூடு செய்யாத வேலையை நாள்தான் செய்ய வேண்டும். மூன்று மாதம் மட்கவிட்டு, எடுத்துச் சலித்து, இன்னும் ஒரு மாதம் நிழலில் ஆறவிட்டுப் பயன்படுத்துவது என் வழக்கம்.

“ஒரு வருஷத்து எரு சார், கையில எடுத்துப் பாருங்க” என்றுதான் எரு விற்பவர் சொல்வார். எடுத்துப் பார்க்கவே வேண்டும். நல்ல எரு கறுத்து, உதிர்ந்து, மழை விழுந்த மண்ணின் வாசனையோடு இருக்கும். வைக்கோல் வைக்கோலாகத் தெரிந்தால் மட்கவில்லை. மூக்கைக் குத்தும் வாடை அடித்தால் அம்மோனியா. உள்ளங்கையில் இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் எடைக்குத் தண்ணீர் வாங்குகிறீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எருவை மட்டும் நிரப்பிப் பத்துக் கீரை விதையோ பச்சைப்பயறோ போட்டு வைத்தால் நாலைந்து நாளில் பதில் தெரிந்துவிடும். முளை வராவிட்டாலும், வந்த முளையின் நுனி பழுப்பாகிச் சுருண்டாலும் அந்த எரு இன்னும் காத்திருக்க வேண்டும்.

சாக்கைப் பிரிக்கும்போது கட்டைவிரல் தடிமனில், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் புரண்டு வரும். தலை செம்பழுப்பு, வால்பக்கம் உள்ளே இருக்கும் எரு நீலச் சாம்பலாகத் தெரியும். பலர் இதைப் பார்த்துவிட்டு எரு நல்ல சத்தானது என்று மகிழ்கிறார்கள். அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. மட்கும் எருவைத் தின்று வளர்ந்து, வண்டாகிப் பறந்துபோய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். இலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோண முக்கோணமாகத் தெரிகிற வெட்டு அதன் வேலை. வீட்டுக்கு ஒரு தென்னை நிற்கும் குரோம்பேட்டையில், திறந்து கிடக்கும் ஒரு எருக்குழி தெரு முழுவதற்கும் வண்டு அனுப்பும். எருவைச் சலித்துப் புழுவைப் பொறுக்கிக் காக்கைக்குப் போட்டுவிடலாம். குழி வைத்திருப்பவர்களுக்குப் பச்சை மஸ்கார்டைன் என்ற பூஞ்சணத்தை எருவில் கலக்க வேளாண் துறையே சொல்லித்தருகிறது. மெட்டாரைசியம் என்று கேட்டால் கிடைக்கும், புழுவைப் பிடித்து அழிக்கும்.

மட்கவைப்பதை அறிவியல் முறையாக எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1924 முதல் இந்தூரில் பயிர்த்தொழில் நிலையத்தை நடத்தியபோது, பருத்திச் செடித் தட்டையும் சாணமும் மூத்திரம் ஊறிய கொட்டகை மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டும் இந்தூர் முறையை வகுத்தார். இந்திய உழவரிடமும் சீன உழவர் பற்றிய எழுத்துகளிலிருந்தும் கற்றதாக அவரே சொன்னார். 1939-ல் பெங்களூரில் சி.என். ஆச்சார்யா நகரக் கழிவுக்கென்று குழிமுறை ஒன்றை உருவாக்கினார். குழியை மூடிவிட்டால் புரட்ட வேண்டாம், ஆள்கூலி மிச்சம், ஆனால் மாதங்கள் கூடுதலாக ஆகும். நம் வீட்டுக்கு எது? ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறி வரும் தெருக்களில் குழி வெட்டினால் அது சகதிக் கிணறாகிவிடும். தரைக்கு மேல் செங்கல் அடுக்கிய தொட்டியோ ஓட்டை போட்ட டிரம்மோ வைத்து, வாரத்துக்கு ஒருமுறை கிளறுவதுதான் இங்கே சரிப்படும். கத்திரி வெயிலில் அது காய்ந்து நின்றுவிடும் என்பதால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மட்குவதன் சூத்திரம் எளிது. நுண்ணுயிர்களுக்கு முப்பது பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். சமையலறைக் கழிவில் தழைச்சத்து மிகுதி, அதை மட்டும் போட்டால் அழுகி நாறும். காய்ந்த இலையில் கரிமம் மிகுதி, அதை மட்டும் போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு கை பழைய எருவைத் தூவினால் வேலை தொடங்கிவிடும். இலைக்குக் குறைவே இல்லை. மாசி, பங்குனியில் புங்கமும் வேம்பும் உதிர்த்துத் தள்ளுகின்றன. அதைக் கூட்டிக் குவித்துத் தெருமுனையில் தீ வைக்கிறார்கள். குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்த பிறகும் அந்தப் புகை நிற்கவில்லை. ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய உரத்தைப் பங்குனியில் எரித்துவிட்டு ஆடியில் சாக்கு தூக்கி அலைவதைப் பார்க்கத் தாங்கவில்லை. இலையைச் சாக்கில் அமுக்கிக் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தால் ஆண்டு முழுவதும் கைகொடுக்கும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் நாளைக்கு அரை கிலோ காய்த்தோலும் மிச்சமும் விழுந்தால் ஆண்டுக்கு 180 கிலோ. மட்கி முடிந்தால் கால்பங்காகச் சுருங்கும், அதாவது 45 கிலோ. நூறு சதுர அடிக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டுக்கும் வேண்டியது 46 கிலோ. ஒரு வீட்டின் சமையலறையே அந்த வீட்டுத் தோட்டத்துக்கு எரு போட்டுவிடும். சாணம் உறைமோராக இருந்தால் போதும்.

தனி வீட்டில் செய்வதைத் தெருவாகச் செய்ய முடியுமா என்பதற்கு நம் பக்கத்து ஊரில் பதில் இருக்கிறது. எம்.பி. நிர்மல் 1989-ல் சென்னையில் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் அமைப்பைத் தொடங்கினார். அந்த வழியில், 1994-ல் பம்மல் ஸ்ரீ சங்கரா நகரில் மங்களம் பாலசுப்பிரமணியனும் அவருடைய தெருப் பெண்களும் ஒரு மகளிர் மன்றமாகச் சேர்ந்து, வீடு வீடாகக் குப்பையைத் தரம் பிரித்து வாங்க ஆரம்பித்தார்கள். மூன்று சக்கர வண்டியும் இரண்டு தொட்டிகளும்தான் கருவி. ஈரக் கழிவு மண்புழு உரமாயிற்று. நகராட்சி செய்யட்டும் என்று காத்திருக்காமல் இல்லத்தரசிகள் தொடங்கிய அந்த வேலை பிறகு பம்மல் முழுவதற்கும் பரவி வேறு ஊர்களுக்கும் பாடமாயிற்று. அதே காலத்தில் பல்லாவரம் பெரிய ஏரியிலும் சிட்லபாக்கம் ஏரியிலும் குப்பை கொட்டிக்கொண்டிருந்தோம் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்தப் பெண்கள் செய்ததன் கனம் தெரியும். உரமாகியிருக்க வேண்டியது ஏரியைக் கெடுத்தது. மட்கு உரத்தைக் கொண்டு ஊருக்குள்ளேயே காய்கறி விளைவிப்பதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய நகரம் ஹவானா. 1991-ல் சோவியத் ஒன்றியம் கலைந்து கியூபாவுக்கு உரக் கப்பல் நின்றபோது, காலி மனைகளில் மட்கு உரத்தை நிரப்பிய பாத்திகள் அமைத்து நகரத்துக்குக் காய்கறி விளைவித்தார்கள்.

மண்புழு பற்றி நம்மூர் அறிவியலர் ஒருவர் சொன்னதைக் கேட்டாக வேண்டும். சென்னை நியூ கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், இந்த மண்ணுக்குரிய மண்புழுக்களையே உரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று பல ஆண்டு ஆய்வில் காட்டினார். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மேற்பரப்புக் குப்பையைத் தின்னும், லாம்பிட்டோ மவுரிட்டி மண்ணுக்குள் வளை தோண்டிக் காற்று விடும். கடையில் கிடைக்கும் ஐசினியா ஐரோப்பாவிலிருந்தும் யூட்ரிலஸ் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. நம் கோடையில் டிரம் சூடாகும்போது ஐசினியா முதலில் சாகிறது. ஒரு ஈரச் சாக்கில் பழைய சாணத்தைப் பரப்பி மரநிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தால் உள்ளூர்ப் புழு தானாகவே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் வாங்கும் மண்புழு உரப் பாக்கெட்டுகளில் தரம் ஏறி இறங்குகிறது. பாதி செம்மண் கலந்த பாக்கெட்டைத் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தால் அடியில் மணல் படிவதைப் பார்க்கலாம்.

மாடித்தோட்டத்துக்கு வேறு சில சிக்கல்கள் உண்டு. தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தொகுப்புகள் கொடுக்கத் தொடங்கிய பிறகு தென்னைநார்க் கழிவு வீட்டுச் சொல்லாகிவிட்டது. எடை குறைவு, ஈரம் பிடிக்கும். ஆனால் மட்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிமம். அதை மட்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்கு வைத்த தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்கின்றன. பையில் கொத்தவரையும் அவரையும் நன்றாக முளைத்து, நாலாவது இலையிலிருந்து வெளிறி நின்றுவிடுவது இதனால்தான். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து இந்த விகிதத்தை 24-க்கு இறக்கும் முறையைத் தந்திருக்கிறது. வீட்டில் அதைச் செய்ய முடியாதவர்கள் நார்க்கட்டியை ஊறவைத்து, உப்பு போக இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவி, பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், மட்கிய எருவோடும் செம்மண்ணோடும் கலக்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழு தக்காளியையும் கத்தரியையும் வெண்டையையும் விடாது என்பதால் பைக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் சேரட்டும். அதில் தழைச்சத்து 5 சதவீதம் இருக்கிறது. ஆறு மாதத்தில் பையின் மட்டம் நாலு விரற்கடை இறங்கியிருக்கும். எரு கரைந்துபோன அளவு அது. அந்த அளவு மறுபடி நிரப்ப வேண்டும்.

பஞ்சகவ்யத்தைப் பற்றிக் கேட்காத தோட்டக்காரர் இல்லை. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் அதை வேளாண்மைக்குப் பரப்பினார், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் கூட்டங்கள் அமிர்தக் கரைசலையும் மீன் அமிலத்தையும் வீடுவரை கொண்டுவந்தன. 3 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் செடி துளிர்க்கும் என்பதைப் பல்கலைக்கழகச் சோதனைகளும் காட்டியுள்ளன. வளர்ச்சி ஊக்கிகளும் நுண்ணுயிர்களும் அதில் உண்டு, ஆனால் சத்தின் மொத்த அளவு மிகக் குறைவு. எரு இட்ட மண்ணில் அது பலன் தரும். எரு இல்லாத மண்ணில் பஞ்சகவ்யத்தை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை.

அதிகமாகப் போட்டாலும் கேடு. எருவில் செடிக்கு வேண்டிய விகிதத்தைவிட மணிச்சத்து கூடுதலாக இருக்கிறது. தழைச்சத்து மழையோடு போய்விடும், மணிச்சத்து மண்ணில் தங்கிச் சேர்ந்துகொண்டே வரும், நாளடைவில் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் செய்யும். 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு முன்னால் புரட்டாசியில் எருவைக் கொட்டிவைப்பது அதைக் கால்வாய்க்கு அனுப்புவதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியில் இடுவதே முறை. சாக்கடை கலந்த வெள்ளம் நின்ற பாத்தியிலும் கணக்கு பச்சை எருக் கணக்கேதான்: நாலு மாதத்துக்குக் கீரை வேண்டாம்.

கடைசியாக ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்த குரோம் லெதர் ஆலையும், நாகல்கேணியிலும் பல்லாவரத்திலும் பெருகிய தோல் பதனிடும் ஆலைகளும் இந்த நிலத்தில் குரோமியத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிக் கிணறுகளில் அது கூடுதலாக இருப்பதை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் பதிவு செய்துள்ளனர். குடிநீருக்கு இந்தியத் தரநிலை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மண்ணில் குரோமியம் இரண்டு நிலைகளில் இருக்கும். ஆறிணைதிறன் உடையது நச்சு, தண்ணீரோடு நகரும். மூவிணைதிறன் உடையது மண்ணில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அசையாது. மட்கிய கரிமப்பொருள் முதல் வகையை இரண்டாவதாக மாற்ற உதவுகிறது. எரு நச்சை வெளியேற்றாது, கட்டிப்போடும். ஆகவே அந்தத் தெருக்களில் எருவை மேலும் தாராளமாகப் போட வேண்டும், கூடவே உயர்த்திக் கட்டிய பாத்தியோ பையோ வைத்து, கிணற்று நீரை விட்டு வேறு நீரைப் பாய்ச்ச வேண்டும். வேர்க் காய்களையும் கீரையையும் தவிர்த்து வெண்டை, அவரை, பாகல் போடலாம். உலோகம் வேரில்தான் அதிகம் தங்கும். தோல் ஆலைச் சேறோ தோல் துணுக்கோ கலந்த எதுவும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பாத்திக்கு வேண்டாம்.

நகரக் குப்பையிலிருந்து வரும் உரத்துக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, நகர மட்கு உரத்தில் கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், ஈயம் 100, காட்மியம் 5 என்று வரம்பு வைத்திருக்கிறது. பேட்டரியும் பெயின்ட் டப்பாவும் சேர்ந்து வந்த குப்பையில் இந்த வரம்பு தாண்டிப்போகும், தரம் பிரித்த ஈரக் குப்பையில் பெரும்பாலும் தாண்டாது. 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியான பிறகு, இவ்வளவு பெரிய பரப்பின் ஈரக் கழிவு ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அது உரமாகி வீட்டுத் தோட்டங்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறேன். வரும்போது ஒவ்வொரு மூட்டையிலும் அது எந்த மாதம் போட்ட குவியல், எந்த வார்டின் குப்பை, குரோமியமும் ஈயமும் எவ்வளவு என்ற மூன்று விவரமும் அச்சாகியிருக்க வேண்டும். நாகல்கேணியைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு மண்ணையும் கிணற்று நீரையும் மாநகராட்சியே இலவசமாகப் பரிசோதித்துத் தர வேண்டும். அதுவரை அங்கே குடியிருப்பவர்கள், தெருவாகச் சேர்ந்தாவது, ஆடிக்கு முன் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு விதை வாங்கப் போகலாம்.